ராஜபாளையத்தில் ஒரு முழக் கடல்

மகனே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீ எழுதியிருந்ததை. இரண்டாம் முறை நீ எழுதாமல் விட்டதை. பம்பாயில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிவிட்டாய், சந்தோஷம். கூடத்தில் சின்னதாக ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, நம் வீட்டில் இருந்தது போலவே கடல் தண்ணீர் ஊற்றி, கல்லும் பூவும் இரண்டு மீனும் விட வேண்டும், கல்யாணம் முடிந்து அவள் வந்து பார்க்கும்போது அதில் உயிர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எப்படித் தொடங்குவது என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே வேறு மையில் நாலு வரி. உனக்குப் பேசியிருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணுக்கு முன்பே ஒரு இடத்தில் நிச்சயமாகி நின்றுபோனதாம், காரணம் யாருக்கும் தெரியாதாம், யாரோ உன் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னார்களாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்குத் தெரியாத ஆளா, மெதுவாக விசாரித்துச் சொல்லம்மா என்று. தொட்டியைப் பற்றி ஒரே மூச்சில் எழுதியவனுக்கு அந்த நாலு வரியை எழுத இன்னொரு நாளும் இன்னொரு பேனாவும் தேவைப்பட்டிருக்கிறது. மையைப் பார்த்தால் தெரியாதா எனக்கு?

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்காதே. அந்தத் தொட்டியை வைத்து நம் வீட்டில் என்னென்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அப்போது நீ பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது மீனைப் பார்த்தாய், செண்பகம் அத்தையைப் பார்த்தாய். அத்தை ஏன் தேவதானத்துக்குத் திரும்பிப் போகவில்லை என்று கேட்டாய். அவளுக்கு இங்கே பிடித்திருக்கிறது என்றேன். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை.

உன் அம்மா சந்தேகக்காரி என்பது நம் தெருவுக்கே தெரியும். பார்த்த உத்தியோகம் அப்படி. ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் ஆபீசில் வெளியூருக்குப் பேசுகிறவர்களுக்கு லைன் போட்டுக் கொடுக்கிற வேலை. தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போய்க் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பேச்சு சரியாகக் கேட்கிறதா என்று நடுநடுவே காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். சரக்கு நேற்றே லாரி ஏறிவிட்டது என்று சத்தியம் பண்ணுகிற முதலாளிக்குப் பின்னால் அந்தச் சரக்கை நெய்கிற தறிச்சத்தம் கேட்கும். காய்ச்சலில் படுத்துக்கிடப்பதாக மேனேஜரிடம் முனகுகிறவருக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்கும். இப்படியே வருஷக்கணக்காகக் கேட்டவள் வீட்டுக்கு வந்து யாரைத்தான் நம்புவாள்? பால்காரர் தண்ணீர் கலக்கிறாரோ என்று லாக்டோமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் அவர் கண் முன்னாலேயே பாலில் அதை மிதக்கவிட்டுப் பார்த்தவள் நம் தெருவில் நான் ஒருத்திதான். அவர் ஒரு நாளும் தண்ணீர் கலந்ததில்லை. அதனால் என் சந்தேகம் இன்னும் கூடியது.

தூத்துக்குடி ஆபீசில் என்னைப் போலவே உட்கார்ந்திருந்தவள் ஜெசிந்தா. குரல் மட்டும்தான் பழக்கம். அவள் கல்யாணத்துக்குப் போனபோதுதான் முகத்தைப் பார்த்தேன். அவளுடைய அண்ணன் கல்லூரியில் கடல் உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். அவருடைய அறையில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு தொட்டி இருந்தது. உள்ளே ஒரு கல். கல் என்றுதான் முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அதன் மேல் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் பழுப்புமாகச் சின்னச் சின்ன வாய்கள். கண்ணாடி போன்ற ஓர் இறால் தன் மீசையை ஆட்டிக்கொண்டு பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. நடுவில் ஒரு கடல்சாமந்தி, பூ மாதிரியே, ஆனால் காற்றில்லாமல் அசைகிற பூ. நான் முகத்தைக் கிட்டே கொண்டுபோனதும் அது இதழ்களைச் சுருட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. என்னைவிடச் சந்தேகக்காரி ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னபோது மில்லிலிருந்து வந்த அலுப்பில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி, குடிக்கத் தண்ணிக்கே குழாயடில நாய் படாத பாடு படுதோம். நீ உப்புத்தண்ணியப் பஸ்ல ஏத்திக் கொண்டாரப் போறியாக்கும்?" என்றார். இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்தான் தொட்டிக்கு மரத்தில் ஒரு மேசை அடித்தார். இரும்பில் அடிக்கிறேன் என்றவரைத் தடுத்து மரத்துக்கு மாற்றியது நான். உப்புத்தண்ணீர் பட்டால் இரும்பு என்ன ஆகும் என்று மில் ஃபிட்டருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

நீ தொடங்கும்போது இதையெல்லாம் மனதில் வை. தொட்டி சின்னது, அதனால் வேலையும் சின்னது என்று நினைக்கிறாய். தலைகீழ். பெரிய தொட்டியில் ஒரு தப்பு நடந்தால் கரைந்துபோகும். சின்னத் தொட்டியில் நடக்கிற தப்பு அங்கேயே நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவாதே. வெயில் படுகிற இடத்திலும், தாளிக்கிற புகை வருகிற இடத்திலும் வைக்காதே. பம்பாய்க் கரையோரத்துத் தண்ணீரைக் கையால்கூடத் தொடாதே, படகில் உள்ளே போகிறவர்களிடம் சொல்லி எடுத்துவரச் சொல். எங்களுக்கு ஜெசிந்தா பிளாஸ்டிக் கேனில் நிரப்பித் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவாள். வலையில் சிக்கி வந்த கல்லையும் ஈரச்சாக்கில் சுற்றி அனுப்பினாள். மணலையும் கல்லையும் போட்டு, காற்று ஊதுகிற மோட்டாரை ஓடவிட்டு, மீன் எதுவும் விடாமல் காத்திரு. மணலில் பழுப்பாக அழுக்குப் படியும், பிறகு பச்சை படரும், நாற்றம்கூட அடிக்கும். அப்படியே கிடக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத எதுவோ உள்ளே குடியேறிக்கொண்டிருக்கிறது. அது குடியேறாமல் நீ மீனை விட்டால், மீன் தன் கழிவிலேயே செத்துப்போகும். பிறகு ஒன்று ஒன்றாக விடு. ஒன்று பிழைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நம் ஊர் வெயிலில் தினம் ஒரு விரற்கடை குறையும். குறைந்த இடத்தில் மறுபடி கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போய் எல்லாம் வெந்துவிடும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் என்ன செய்தேன் தெரியுமா? புதிதாக வந்த கடல் தண்ணீரில் அந்த லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, அது எங்கே நிற்கிறதோ அங்கே நூல் கட்டினேன். அதற்குப் பிறகு பால்காரர் நிம்மதியாக வந்து போனார்.

இறாலும் சங்குக்குள் குடியிருக்கிற நண்டும் கடல்சாமந்தியும் இரண்டு ஆரஞ்சு மீனுமாக நம் கூடத்தில் கடல் நின்றுவிட்டது. அந்தக் கோடைத் தொடக்கத்தில்தான் செண்பகம் அத்தை வந்தாள். உன் அப்பாவின் ஒரே தங்கை. தேவதானத்தில் வாக்கப்பட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா கொடுத்த ஒரு செம்புக் குடம், இரண்டையும் வாசலில் வைத்துவிட்டு, "அண்ணன் இருக்காகளா மதினி?" என்று கேட்டாள். அவளோடு தேவதானத்திலிருந்து ஒரு பேச்சும் பஸ் ஏறி வந்திருந்தது. புருஷனுக்குச் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று. அவனைக் கைக்குள் போட்டுக்கொள்ள எதையோ கலந்து கொடுத்தாளாம். அவனுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் மாறி மாறி வந்ததாம். மாமியார்க்காரி ஊரைக் கூட்டி அனுப்பிவிட்டாளாம்.

உன் அப்பா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வீட்டுல இரு தாயி" என்றார். அந்தப் பேச்சை நான் நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. அவள் ரசம் கூட்டும்போது அடுப்படி வாசலில் ஏதாவது வேலை இருப்பது போல நின்றேன். உன் அப்பாவின் தட்டில் நானே பரிமாறினேன். அவள் விடிந்ததும் தன் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தங்கம் மாதிரி தேய்ப்பாள், குழாயில் தண்ணீர் பிடித்து அடுப்படி மூலையில் வைப்பாள், மற்ற நேரமெல்லாம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பாள். சாமந்தி அவளைப் பார்த்து வாயை மூடவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சாவு தொடங்கியது. முதலில் இறால் மல்லாந்து கிடந்தது. சட்டை உரித்திருக்கிறது என்று நினைத்து எடுத்துப் பார்த்தால் உள்ளே உடம்பு இருந்தது. அடுத்தது சங்கு நண்டு, சங்கை விட்டு வெளியே வந்து வெறும் உடம்போடு செத்துக்கிடந்தது. கல்லில் இருந்த பொத்தான் வாய்கள் மூடியவை மூடியபடியே கரைந்தன. சாமந்தி இதழை விரிக்காமல் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. ஜெசிந்தாவிடம் சொல்லி வேறு இறால் வரவழைத்தேன், அதுவும் நிற்கவில்லை. ஆனால் இரண்டு மீனும் ஒன்றும் ஆகாத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. அதுதான் என்னை உறுத்தியது. தண்ணீர் கெட்டிருந்தால் மீன்தானே முதலில் போக வேண்டும்? முள் இருக்கிற பிராணி பிழைக்கிறது, முள் இல்லாதது அத்தனையும் சாகிறது. யாரோ ஆள் பார்த்துக் கொல்கிற மாதிரி இருந்தது.

கொசுமருந்தா என்று பார்த்தேன், அந்தப் பக்கமே அடிக்கவில்லை. சுண்ணாம்பு உதிர்கிறதா என்று பார்த்தேன். மோட்டாரைக் கழற்றி மோந்து பார்த்தேன். கடைசியில், கொஞ்ச நாளாக நான் தண்ணீர் ஊற்றவே வேண்டியிருக்கவில்லை என்பது உறைத்து, கண்ணாடியில் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குக் கண்மையால் ஒரு கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. பங்குனி வெயில், மேலே மூடி கிடையாது, ஒரு சொட்டுக் குறையவில்லை. மறுநாளும் அப்படியே. பகலில் யாரோ எதையோ ஊற்றுகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் வந்து பின்வாசல் வழியாக நுழைந்தேன். செண்பகம் தொட்டி முன்னால் முட்டி போட்டு நின்றிருந்தாள். பக்கத்தில் குடம். அதிலிருந்து டம்ளரில் மோந்து, இடது கையைக் குழித்துத் தண்ணீருக்கு மேல் பிடித்து, அந்தக் கையில் விழுந்து வழிகிற மாதிரி ஊற்றினாள், உள்ளே மணல் கலங்கக் கூடாது என்று. ஊற்றிக்கொண்டே, "செத்த நேரம் பொறுத்துக்கோ. வெயிலு எம்புட்டு அடிக்கு பாரு" என்று சாமந்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி ஊத்துத?"

திடுக்கிட்டு எழுந்தாள். "தண்ணி மதினி. குறைஞ்சு போய்க் கெடந்துச்சு, அதான்…"

"எம்புட்டு நாளா ஊத்துத?"

"வந்ததுல இருந்து. நீங்க அலுத்துப் போய் வருதீக, நாம ஊத்தி வைப்போமேன்னு."

"அதுல என்னத்தக் கலந்த?"

கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. "அங்கயும் இதத்தான் சொன்னாக" என்றாள். பிறகு குனிந்து குடத்தைத் தூக்கினாள். இரண்டு கையாலும் வாய்க்கு உயர்த்தி மடமடவென்று குடித்தாள். கழுத்தில் வழிந்தது, சேலையெல்லாம் நனைந்தது. போதும் என்றேன், நிறுத்தவில்லை. போதும்ட்டி என்று குடத்தைப் பிடித்து இழுத்தபோதுதான் விட்டாள். மூச்சு வாங்க, "இருந்து பாருங்க மதினி. நான் செத்தா நீங்க நெனச்சது சரி" என்றாள்.

அவள் சாகவில்லை. சாயங்காலம் விளக்கேற்றினாள், தோசைக்கு அரைத்தாள். உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே, "கூமாப்பட்டில பெரியப்பா வீட்டுல கொண்டு விட்டுருதேன். இங்கயும் இந்தப் பேச்சு கெளம்புச்சுன்னா பொறவு அவளுக்குப் போக்கிடமே இல்ல" என்றார். தங்கையைக் காப்பாற்றுவதற்காகத்தான் சொன்னார். நான் ஒரு வார்த்தை சரியென்று சொல்லியிருந்தால் மறுநாளே பெட்டி பஸ்ஸில் ஏறியிருக்கும்.

ஆனால் எனக்குச் சரி என்று சொல்ல வரவில்லை. இரக்கத்தால் இல்லை. கணக்கு உதைத்தது. "செத்த பொறுங்க. அவ குடம் நெறையக் குடிச்சிருக்கா, ஒண்ணும் ஆகல. அப்போ அந்தத் தண்ணில ஒண்ணும் இல்ல. ஆனா அந்தத் தண்ணி விழுந்த பொறவுதான் உள்ள இருக்கது சாவுது. ரெண்டுமே நெசம்னா, நமக்குத் தெரியாதது எதோ ஒண்ணு நடுவுல நிக்கி" என்றேன்.

ஜெசிந்தாவிடம் சொல்லி இன்னும் இரண்டு இறால் வாங்கினேன். கேனில் மிச்சமிருந்த புதுக் கடல் தண்ணீரை இரண்டு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மோட்டார்க் குழாயைப் பிரித்து இரண்டிலும் காற்று விட்டேன். ஒன்றில் குறைகிறதற்கு மண்பானைத் தண்ணீர், இன்னொன்றில் செண்பகத்தின் குடத்துத் தண்ணீர். இரண்டையும் என் முன்னால் அவளையே ஊற்றச் சொன்னேன். "ரெண்டும் ஒரே குழாய்த் தண்ணிதானே மதினி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குடத்துத் தண்ணீர் விழுந்த ஜாடியில் இறால் பக்கவாட்டில் சாய்ந்தது. மற்றது மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.

அன்றைக்கே ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். அவள் அண்ணனைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். "அக்கா, அந்தத் தண்ணிய எந்தப் பாத்திரத்துல வச்சிருந்தீங்கன்னு கேக்கச் சொன்னாவ." செம்புக் குடம் என்றேன். "அதான் காரியம்னாவ. செம்புல வச்ச தண்ணி நமக்கு ஒண்ணும் பண்ணாதாம். இறாலு, நண்டு, சாமந்தி இதுகளுக்கெல்லாம் தூசி அளவு செம்பு எறங்குனாலே எமனாம். மீனு கொஞ்சம் தாங்குமாம். அதும் புளி போட்டுத் தேச்ச குடம்னா இன்னும் நெறைய எறங்குமாம்." எனக்குக் காதில் மாட்டியிருந்த கருவி கனத்தது. குறைகிற தண்ணீர் ஆவியாகப் போய்விடும்; செம்பு உள்ளேயே தங்கிவிடும். தினம் தினம் அன்பாக ஊற்றி ஊற்றிச் சேர்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான்தான் கொன்னிருக்கேன்" என்றாள். நீ கொல்லவில்லை, உனக்குத் தெரியாது என்றேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. வேறு எங்கோ போயிருந்தாள். திடீரென்று, "மதினி, செம்புக்கு இப்படின்னா பித்தளைக்கு?" என்றாள்.

"ஏன் கேக்க?"

"அவியளுக்கு வாந்தி வந்ததெல்லாம் தோட்டத்துக்குப் போன நாள்லதான். தோட்டத்துக்கு மோரு பித்தளைத் தூக்குவாளிலதான் போகும். உள்ளுக்குள்ள ஈயம் தேஞ்சு பச்சையாப் பூத்துக் கெடந்துச்சு. ஈயம் பூசணும் அத்தைன்னு சொன்னேன். ஒங்கப்பன் எவர்சில்வர் தூக்கு குடுத்து விட்டானோன்னு கேட்டாக. பொறவு நான் வாயத் தொறக்கல."

ஈயம் போன பித்தளையில் புளிப்பை வைத்தால் களிம்பு இறங்கும், குடித்தால் வாந்தி வரும் என்று தெரியாத பொம்பளை நம் பக்கத்தில் யாராவது உண்டா? எனக்குத் தெரியும், செண்பகத்துக்குத் தெரியும், அவள் மாமியாருக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் மருந்து வைத்துவிட்டாள் என்ற பேச்சு ஒன்று கிளம்பிவிட்டால், அதற்குப் பிறகு தூக்கை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? நானே அவள் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தேவதானம் போனேன். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்த அந்த மாமியார் அம்மாள், நான் சிரித்ததைப் பார்த்துக் குழம்பிப்போய் உட்காரச் சொன்னாள். அவள் மகன், செண்பகத்தின் புருஷன், கட்டிலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். உடம்பு தேறியிருந்தது. எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் மோர் வந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போனேன். பரணில் வரிசையாகப் பித்தளைப் பாத்திரங்கள். அந்தத் தூக்கைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தேன். வெள்ளிக் காசு மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுப் பச்சை இல்லை. செண்பகம் பொய் சொல்லிவிட்டாளோ என்று ஒரு நொடி எனக்குள் ஓடியது. என் புத்தி அப்படி. பிறகுதான் தோன்றியது, இவ்வளவு வெள்ளை, புது வெள்ளை.

தூக்கோடு வெளியே வந்தேன். "நல்லாப் பூசியிருக்காகளே. எப்போ ஈயம் பூசுனீக?"

"அது கெடக்கு. எப்பவும் பூசுததுதானே" என்றாள் அந்த அம்மாள், என் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு.

கட்டிலிலிருந்து அவன் தலையை நிமிர்த்தினான். சூது ஒன்றும் இல்லாமல், ஒரு தேதியைத் திருத்துகிறவன் மாதிரி, "இல்லம்மா, செம்பகம் போன மறுவாரம்தானே ஆளக் கூட்டியாந்து எல்லாத்துக்கும் பூசுன" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறியது. தாயின் கையிலிருந்த தூக்கைப் பார்த்தான். "அதுக்குப் பொறவு எனக்கு வாந்தியே வரலையே" என்றான். "அவ போனதுனாலதான் நின்னுச்சுன்னுல்ல சொன்ன?" என்று கேட்டான். அந்த அம்மாள் தூக்கைக் கொண்டுபோய்ப் பரணில் வைத்தாள்.

அந்த அம்மாளுக்கு முன்பே தெரியுமா, இல்லை மருமகள் போன பிறகு தூக்கைக் கழுவும்போது பார்த்துப் பயந்து ஈயம் பூசினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் சந்தேகம் என்ன என்று உனக்கே தெரியும். திரும்பி வருகிற வழியில் உன் அப்பா பஸ் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரியக் கூடாதாம்.

அடுத்த வாரம் செண்பகத்தின் புருஷன் வந்தான். வாழைத்தாரும் மல்லிகைப்பூவும் கொண்டுவந்திருந்தான். தொட்டி இருந்த கூடத்தில்தான் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டிருந்தாள். நல்லவன்தான் அவன், ஒரு குறையும் சொல்ல முடியாது. "ஒம்மேல எனக்கு இப்போ ஒரு சந்தேகமும் இல்ல செம்பகம். கெளம்பு, போவோம்" என்றான். அவள் போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். உன் அப்பா பெட்டியை எடுக்கவே எழுந்துவிட்டார்.

"ஒங்களுக்கு என்மேல இருந்த சந்தேகம் தீர்ந்துருச்சு. சந்தோசம்" என்றாள் செண்பகம். "எனக்கு ஒங்க மேல வந்தது தீரலையே."

"எம்மேல என்ன சந்தேகம்?"

"நாளைக்கு ஒங்களுக்கு ஒரு காச்சல் வந்தா மொதல்ல யாரப் பாப்பீக?"

அவன் வாழைத்தாரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தான். "ஒரு வார்த்த என்னட்ட நேராக் கேட்டிருந்தா, தூக்கக் கொண்டாந்து காட்டியிருப்பேன்" என்றாள். "என்ன நடந்துச்சுன்னு யாருமே கேக்கல. பாத்துக்கிட்டே இருந்தீக." கடைசி வார்த்தையை அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்படி வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்துச் சொன்னாள். அவன் எழுந்து போனான். மல்லிகைப்பூவை அவள் தலையில் வைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

மீதி உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி போடுகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள், இன்றைக்கு அங்கே பத்துக்கு மேற்பட்ட பெண்களை மேற்பார்வை பார்க்கிறாள். தொட்டியைக் காலி செய்து, செம்பு ஏறிப்போன கல்லைத் தூக்கிப்போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியது அவள்தான். ஜெசிந்தா மதுரைக்கு மாற்றலாகிப் போய்த் தண்ணீர் வருவது நின்ற பிறகு, உள்ளே இருந்ததையெல்லாம் உயிரோடு அவள் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அத்தை என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு மத்தியானம் நான் கேட்ட கேள்வியை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நேராகப் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம்.

இனி உன் நாலு வரி. நான் விசாரித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் படித்திருப்பாய். இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் பத்து விதமான காரணம் வந்து சேரும். அதில் எது உண்மை என்று பிறகு உட்கார்ந்து பொறுக்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. பேர் சொல்லாமல் போன் போட்டவன் யார், அவனுக்கு உன் ஆபீஸ் நம்பர் எப்படிக் கிடைத்தது, இந்தக் கல்யாணம் நின்றால் அவனுக்கு என்ன லாபம் என்று நீ ஏன் சந்தேகப்படவில்லை? என் பிள்ளையாக இருந்துகொண்டு பாதிச் சந்தேகம் படுகிறாயே.

சந்தேகப்படாதே என்று நான் சொன்னால் ஊர் சிரிக்கும். படு. ஆனால் பக்கத்தில் நின்று அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருக்காதே. அந்தப் பெண்ணை அவள் வீட்டிலேயே போய்ப் பார், அவள் அப்பா அம்மா இருக்கும்போதே, நேராகக் கேள். அந்த நிச்சயம் ஏன் நின்றது என்று. அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, கட்டுவதா வேண்டாமா என்று நீயே முடிவு பண்ணு. எந்த முடிவானாலும் நானும் அப்பாவும் அத்தையும் உன் பக்கம் நிற்போம்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டு போ. நீ கேட்டு முடித்ததும் அவளும் உன்னிடம் ஒன்று கேட்பாள். "இது காதில் விழுந்த அன்றைக்கே என்னிடம் கேட்காமல், முதலில் உங்கள் அம்மாவுக்கு ஏன் எழுதினீர்கள்?" என்று. அதற்குப் பதிலை இந்தக் கடிதத்தில் தேடாதே. அது என்னிடம் இல்லை.

அம்மா